தேயாத டயர்

நாங்கள் அங்கே போய்ச் சேர்ந்தபோது மழை தூறத் தொடங்கியிருந்தது. பழைய கார்களை உடைத்து உதிரியாக விற்கிற இடம். கதவுகள் ஒரு பக்கம், கண்ணாடிகள் ஒரு பக்கம், நடுவில் எஞ்சினைப் பறிகொடுத்த கார்கள் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. ஈரத் துருவும் எண்ணெயும் கலந்த வாடை அடித்தது. பின் சீட்டில் எங்கள் மகள் சிட்டு, தன் பின்னலைப் பிரிப்பதும் மறுபடி பின்னுவதுமாக உட்கார்ந்திருந்தாள். இடுப்பைத் தாண்டித் தொங்கும் முடி அவளுக்கு. ஒரு நாளும் நான் அலுத்துக்கொண்டு அதை வாரியதில்லை.

டயர் வாங்கத்தான் போனோம். என் கணவர் தன் காருக்கு வைத்த பெயர் ராசாத்தி. எனக்கு முன்பே அவர் வாழ்க்கையில் வந்தவள் என்பதால் நான் அதை மூத்தாள் என்பேன். தரையோடு தரையாகப் படுத்திருக்கும் சிவப்பு வண்டி. வயதாகிவிட்டது, ஆனாலும் மிதித்தால் சீறும். அதற்குச் சாதாரண டயர் ஆகாதாம். அகலமாக, மெத்தென்ற ரப்பரில், வளைவில் ரோட்டைக் கவ்விப் பிடிக்கிற ரகம்தான் வேண்டுமாம். அந்த ரகத்தின் விலையைக் கேட்டால் மயக்கம் வரும். போதாக்குறைக்குச் சீக்கிரமே தேய்ந்தும் போகும்.

வழக்கமாகப் போகும் கடையில் டயர்க்காரர் பொறுமையாகத்தான் சொன்னார். "சார், இதே அளவுல சாதா ரகம் புதுசா இருக்கு. கொஞ்சம் கெட்டி ரப்பர். பறக்க முடியாது, ஆனா மழையில பிரேக் புடிச்சா நிக்கும். புள்ளையை ஏத்திக்கிட்டுப் போறீங்க, அது போதாதா?"

"ராசாத்திக்குப் பேர் தெரியாத டயரா?" என்று இவர் முகத்தைச் சுளித்தார். எனக்குத் துணி எடுக்கும்போது அவருக்கு இந்த ரோஷம் ஒரு தடவைகூட வந்ததில்லை.

அதனால்தான் இந்த இடம். ஒரு மூலையில், கீறல்கூட விழாத சாம்பல் நிறக் கார் ஒன்று கற்கள்மேல் நின்றது. அதிலிருந்து கழற்றிய ஐந்து டயர்களும் பக்கத்திலேயே கிடந்தன, நான்கு சக்கரத்துக்கும் ஸ்டெப்னிக்குமாக. இவர் ஆசைப்பட்ட அதே உயர்ந்த ரகம். புது டயரில் ரப்பர் முடி சின்னச் சின்னதாக நீட்டிக்கொண்டிருக்குமே, ஓட ஓட உதிர்ந்து போகுமே, அதுகூட அப்படியே இருந்தது.

"ஓடவே இல்ல, பாரேன்!" என்று தடவித் தடவிப் பார்த்தார். இவர் கேட்ட அடிமாட்டு விலைக்குக் கடைக்காரர் மறுபேச்சில்லாமல் தலையாட்டினார். "அஞ்சையும் எடுத்துக்கிட்டுப் போயிடுங்க" என்றார், அவ்வளவுதான்.

மாட்டும்போது நம் டயர்க்காரர் டயரின் பக்கவாட்டில் விரலை வைத்து வெகுநேரம் தேடினார்.

"செஞ்ச தேதி இங்க அச்சடிச்சிருக்கும் சார். மத்ததெல்லாம் புதுசு, தேதி மட்டும் தேய்ஞ்சிருக்கு. இந்த இடம் ரோட்டைத் தொடவே தொடாதே."

இவர் காதில் அது ஏறவில்லை.

வண்டி வழுக்கிக்கொண்டு போனது, அதை நான் மறுக்கவில்லை. வேகம் கூடினால் மட்டும் கீழேயிருந்து மெல்லிய முனகல் ஒன்று கேட்டது.

"யாரோ பாடுறாங்கம்மா" என்றாள் சிட்டு.

"டயர் சத்தம்டி" என்றேன்.

மழைக்காலம் முழுக்க ஓடியும் அந்த ரப்பர் முடி உதிரவில்லை. இவர் தினமும் குனிந்து பார்த்துப் பூரித்துப்போவார். "ஒரு நூல் தேயல! கொடுத்த காசுக்கு இதுக்கு மேல என்ன வேணும்?"

அந்த நாட்களில்தான் சிட்டுவின் சீப்பில் முடி வரத் தொடங்கியது.

முதலில் ஒன்றிரண்டு. பிறகு கொத்துக் கொத்தாக. தலையணையில், பள்ளிப் பையில், சாப்பாட்டுத் தட்டில். டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார், எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். பாவிமகள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். கண்ணாடியைத் திருப்பி வைக்கச் சொன்னாள்.

ஒரு காலை, வண்டி நிற்கும் இடத்தைக் கூட்டிக்கொண்டிருந்தேன். டயர் முடி விளக்குமாற்றில் சிக்கியது.

நீளமாக இருந்தது.

உட்கார்ந்து தொட்டேன். ரப்பர் மாதிரி விறைப்பாக இல்லை. மெத்தென்று, இளஞ்சூடாக இருந்தது. தேங்காய் எண்ணெய் வாசனை வந்தது.

ஒன்றைப் பிடித்து இழுத்தேன்.

வீட்டுக்குள் சிட்டு வீறிட்டாள்.

அன்றே பஸ் பிடித்து டயர் வாங்கிய இடத்துக்குப் போனேன். கடைக்காரர் என்னைக் கண்டதும் தலையைத் திருப்பிக்கொண்டார்.

"அந்தச் சாம்பல் கலர் வண்டி யாரோடது?"

"புருஷனும் பொண்டாட்டியுமா வந்து விட்டுட்டுப் போனாங்கம்மா. காசு வேணாம்னுட்டாங்க. அந்தம்மா 'தேயவே இல்ல, தேயவே இல்ல'ன்னு அழுதுக்கிட்டே இருந்துச்சு."

"அவங்களுக்குக் குழந்தை இருந்துச்சா?"

அவர் சாம்பல் நிறக் காரின் பின் சீட்டைக் கையால் காட்டினார். அங்கே ஒரு குழந்தைச் சீப்பும் சின்னத் தொப்பி ஒன்றும் கிடந்தன.

"தெரிஞ்சுமா வித்தீங்க?"

"டயர் நல்லாத்தானேம்மா இருந்துச்சு" என்றார். அந்த மனிதரை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னேன். இவர் சிரித்தார்.

"உனக்கென்ன பைத்தியமா? இவ்வளவு ஓடியும் தேயாத டயரை எவனாவது கழட்டுவானா?"

"டயர் தேயல. உங்க பொண்ணு தேயுறா."

சிரிப்பு நின்றது. மகள் முகத்தைப் பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் ஜன்னல் வழியாக வண்டியைப் பார்த்தார். மறுநாள் டயர்க்காரரிடம் போய், முதலிலேயே அவர் சொன்ன சாதா ரகத்தை மாட்டிக்கொண்டு வந்தார். பழையதை எடுத்த இடத்திலேயே போட்டுவிட்டேன் என்றார். முகத்தைப் பத்து நாளைக்குத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார், மூத்தாளை அவமானப்படுத்திவிட்டேனாம்.

புது டயரின் ரப்பர் முடி எல்லா டயரையும்போல உதிர்ந்தது. அதைப் பார்த்துத் தெருவில் நின்று அழுதவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். சிட்டுவின் தலையிலும் பூனைமுடி அரும்பியது. துண்டை அவிழ்த்தாள். கண்ணாடியைத் தானே திருப்பி வைத்தாள். நான் அவளுக்கு ஒரு நீல ரிப்பன் வாங்கித் தந்தேன். முடி வளர்ந்ததும் கட்டிக்கொள்ளலாம் என்று அலமாரியில் வைத்தாள்.

பிறகு, அரும்பிய முடி அப்படியே நின்றது.

பிறகு மறுபடி சீப்பில் வந்தது.

"அம்மா, பாட்டு இப்ப பின்னாலிருந்து கேக்குது" என்றாள்.

அன்று மாலை குடையை எடுக்க டிக்கியைத் திறந்தேன். தேங்காய் எண்ணெய் வாசனை. அடிவிரிப்பு நடுவில் உப்பியிருந்தது. அதைத் தூக்கினேன்.

ஐந்தாவது டயர்.

பின்னால் இவர் வந்து நின்றார். குரல் தாழ்ந்திருந்தது. "ஸ்டெப்னிதானே... அது ரோட்டையே தொடலையே. சும்மா படுத்துத்தானே கிடக்கு. நாலைக் குடுத்தேன்ல, ஒண்ணுகூடவா வெச்சுக்கக் கூடாது?"

நான் திரும்பிப் பார்க்கவில்லை. டயர் கிடந்த பள்ளம் முழுக்க முடி. கருகருவென்று, என் மகளின் இடுப்பைத் தாண்டித் தொங்கிய அதே நீளம். யாரோ பொறுமையாக வாரி, வகிடெடுத்து, பின்னல் போட்டிருந்தார்கள். நுனியில் நீல ரிப்பன் கட்டியிருந்தது.

வெட்ட எனக்குத் துணிவில்லை. எரிக்கவும் துணிவில்லை. ரிப்பனையாவது அவிழ்க்கலாம் என்று நுனியைப் பிடித்தேன். முடிச்சு இறுகியிருந்ததில் பின்னல் லேசாக இழுபட்டது.

வீட்டுக்குள்ளிருந்து சிட்டுவின் குரல் கேட்டது.

"மெதுவா வாரும்மா. வலிக்குது."