மழையில் அனுப்பியது யார்?

"அந்த மஞ்சள் சேலையக் கட்டாத ஜெகா! மகன மழையில பசாருக்குச் சாமான் வாங்க அனுப்பிக் கொன்னவ மினுக்கிக்கிட்டு வந்திருக்கான்னு நாலு பேரு பேசவா?"

வள்ளியம்மா கோப்பிக் குவளையைக் கீழே வைக்காமலே சொன்னாள். ஜெகதீஸ்வரி சேலையை மடித்து அலமாரியில் வைத்தாள். வள்ளியம்மா அவள் கணவர் சிவநேசனின் அக்கா. விதவையாகி இந்த ஆயர் ஈத்தாம் அடுக்குமாடி வீட்டுக்கு வந்தவள். ஒரே மகன் தனேஷ் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்து ஏழு வருடமாக, இந்தப் பேச்சைக் கேட்காமல் ஜெகதீஸ்வரிக்கு ஒரு நாளும் விடிந்ததில்லை.

அறைக்குள் சிவநேசன் வசனத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். மதியம் மூன்று மணிக்கு நாடகம். அவர் ஒருவரே நடிப்பது, அவர் கதையேதான். மகனைப் பறிகொடுத்து, குடியில் மூழ்கி, வீட்டை விட்டு ஓடி, சூலியா தெருக் கடைவாசலில் அட்டை விரித்துப் படுத்த பதினான்கு மாதங்கள்... தினமும் தொழிற்சாலைக்குப் போகுமுன் அங்கே சோறு கொண்டுபோனவள் ஜெகதீஸ்வரி. கெஞ்சி மறுவாழ்வு இல்லத்தில் சேர்த்தவளும் அவளே. அவர் குடியை விட்டு மூன்று வருடம். அந்த இல்லத்துக்கு வந்த நாடகக் குழுதான் அவரை மேடையேற்றுகிறது.

அவள் கதவைச் சாத்தினாள். "என்னங்க... நாடகத்துல அந்த இடம் மட்டும் வேணாங்க."

"அது இல்லாட்டி நாடகமே பொய்லா, ஜெகா."

"பொய்யாவே இருக்கட்டும்! உங்க அக்கா தாங்க மாட்டாங்க. அவங்க உங்கள வெறுத்து, நீங்க மறுபடியும் குடிச்சா... தெருத்தெருவா தேடி அலைய எனக்குத் தெம்பு இல்லைங்க."

சிவநேசன் தலைகுனிந்தார்.

ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் அரங்கம். நாற்காலிகள் நிறைந்திருந்தன. முன்வரிசையில் வள்ளியம்மாவும் ஜெகதீஸ்வரியும். மேடையில் ஓர் அட்டைப்பெட்டி, சிவநேசன், வேறொன்றும் இல்லை. கடைக்காரர்கள் தண்ணீர் ஊற்றி விரட்டியதை, கைநடுக்கத்தில் சோற்றைச் சிந்தியதை அவர் சொல்லச் சொல்ல, பலர் கண்களைத் துடைத்தார்கள்.

"அன்னிக்கு அஞ்சு மணி. நல்ல மழை. தனேஷ் மோட்டார எடுத்தான்..."

நின்றுவிட்டார்.

வசனம் மறந்துவிட்டது என்று பின்னால் யாரோ கிசுகிசுத்தார்கள். மறக்கவில்லை என்பது ஜெகதீஸ்வரிக்குத் தெரியும். அவருடைய கைகள் பழையபடி நடுங்கத் தொடங்கின. ஐயோ... அவரைக் காப்பாற்ற அவள் சொன்ன பொய்யே இப்போது அவர் கழுத்தை நெரிக்கிறதே!

அவள் எழுந்தாள்.

"சொல்லுங்க..." என்றாள். "சொல்லிடுங்க!"

சிவநேசன் அக்காவைப் பார்த்தார்.

"அவன பசாருக்கு அனுப்புனது இவ இல்ல. நான்தான் போன் போட்டேன். குடிச்சிட்டு எந்திரிக்க முடியாம கெடந்தேன். வந்து ஏத்திட்டுப் போடான்னேன். 'மழை விட்டதும் வரேன்பா'ன்னான். திட்டுனேன்... உடனே கெளம்பிட்டான். என்னக் கூட்டிட்டுப் போகத்தான் என் புள்ள வந்தான்! பொணத்து முன்னால அக்கா கேட்டப்போ, 'நான்தான் அனுப்புனேன்'னு இவ முந்திக்கிட்டா. நான் வாய மூடிக்கிட்டேன்."

யாரும் கைதட்டவில்லை.

வள்ளியம்மா ஜெகதீஸ்வரியின் இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டாள். "ஏழு வருசம்டி! நான் பேசாத பேச்சா? ஏண்டி ஒரு வார்த்த சொல்லல?"

"புள்ள போயிட்டான் அண்ணி. நீங்களும் கைவிட்டா இவரும் போயிருவாருன்னு..."

"பாவி நான்! கொன்னவளுக்கு அழுகை எதுக்குன்னு அன்னிக்கு உன்ன அழக்கூட விடலயே..."

உண்மைதான். அன்றிலிருந்து மகன் பெயரைச் சொல்லி அவள் வாய்விட்டு அழுததே இல்லை. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, துணியை வாயில் அடைத்துக்கொண்டு அழுததெல்லாம் எந்தக் கணக்கிலும் சேராது.

"அழுடி," என்றாள் வள்ளியம்மா, அவளை மார்போடு இழுத்து. "உன் புள்ளடி... நீ அழு."

"தனேசு... என் ஐயா..."

அடிவயிற்றிலிருந்து வந்தது அந்தக் குரல். சிவநேசன் மேடையை விட்டு இறங்கி வந்தார். அக்காவின் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல், மனைவியின் காலடியில் தரையில் உட்கார்ந்தார். வள்ளியம்மா தம்பியிடம் ஒன்றும் பேசவில்லை. எழுந்து போகவும் சொல்லவில்லை. ஜெகதீஸ்வரி அழுது முடிக்கும்வரை அந்த அரங்கத்தில் ஒருவரும் அசையவில்லை.