மூன்று ஓட்டையிலும் முடுக்கு

அண்ணன் செத்து ஒரு வருஷம் கழித்துத்தான் தம்பி அந்தப் பட்டறைக் கதவைத் திறந்தான். மதியம் மூன்று மணி. ஆனால் மழை மேகம் கூரைமேல் இறங்கி, உள்ளே விளக்கு வைக்கும் நேரம்போல் இருட்டிக் கிடந்தது. துருவும் பழைய எண்ணெயும் கலந்த வாடை. அதற்கும் அடியில் லேசாகக் கிராம்பு வாசம். அண்ணன் பல்வலிக்காரர், எப்போதும் வாயில் ஒரு கிராம்பை அடக்கியிருப்பார்.

சுவரில் ஊறிய வாசமாக இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டான்.

கடைசல் மெஷினான லேத்தை விற்கப்போவதாக அண்ணி சொல்லிவிட்டாள். வாங்குகிறவர் நாளைக்கு வருகிறார். அதற்குள் மெஷினைத் துடைத்து, ஒரு கம்பியைக் கடைந்து பார்த்துவிட வேண்டும். அவனும் கடைசல்காரன்தானே, வேறு யாரை அனுப்புவது?

கடைசல்காரன்தான், ஆனால் அவசரக்குடுக்கை. கம்பியைப் பிடிக்கும் சக்கின் பக்கவாட்டில் சாவி போட மூன்று ஓட்டைகள் உண்டு. எதில் திருகினாலும், கம்பியைக் கவ்வும் மூன்று தாடைகளும் சேர்ந்தே நகரும். அதனால் ஒன்றில் முடுக்கினாலே பிடித்துவிட்டதுபோல் தோன்றும். மூன்றிலும் மாறி மாறி முடுக்கினால்தான் கம்பி நடுவில் நிற்கும், நழுவாமலும் நிற்கும். இதைச் சொல்லிச் சொல்லியே அண்ணனுக்கு வாய் வலித்துப் போனது.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. அண்ணன் செத்த அன்றைக்குக் கம்பியை மாட்டியவன் இவன். ஒரே ஓட்டையில் முடுக்கிவிட்டு, போன் பேச வெளியே போனான். தம்பி சரியாக முடுக்கியிருப்பான் என்று நம்பி அண்ணன் ஸ்விட்சைப் போட்டார். கம்பி பறந்து வந்து அவர் நெஞ்சில் பாய்ந்தது.

கேட்டவர்களிடம் இவன் சொன்னதோ வேறு. "அண்ணன்தான் முடுக்கிக்கிட்டிருந்தாரு. பாதியில அண்ணி கூப்பிட்டாங்க, கவனம் சிதறிடுச்சு."

அண்ணி அதை நம்பினாள். அன்றிலிருந்து பாதி ஆளாகிவிட்டாள்.

மெயின் ஸ்விட்ச் அணைந்திருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்துக்கொண்டு, துணியோடு தாடைகளுக்கு நடுவே கையை விட்டான்.

டக்.

தாடைகள் விரல்களைப் பிடித்தன. நசுக்கவில்லை. நான்கு விரல்களையும் சேர்த்து, சரியாக நடுவில் நிறுத்திப் பிடித்தன.

சாவி மேஜைமேல் இருந்தது.

இழுத்தான். வரவில்லை.

"யாரு?"

டக். இது இரண்டாவது ஓட்டை.

கிராம்பு வாசம் அவன் காதோரம் வந்து நின்றது.

அவன் அலறிய அலறலில் அண்ணி வீட்டிலிருந்து ஓடி வந்தாள். சாவியைப் போட்டு இரண்டு கையாலும் திருகினாள். இம்மியும் அசையவில்லை.

"அன்னிக்கு நான் கூப்பிட்டேன், அவரு போயிட்டாரு," என்று அழுதாள். "இன்னிக்கு நான் அனுப்பினேன், உனக்கு இப்படி ஆகுது. நான் ஒரு பாவி, தம்பி."

டக்.

எலும்பு நெரிந்தது.

"நீங்க காரணமில்ல அண்ணி! நான்தான்! கம்பியை மாட்டினது நான். ஒரு ஓட்டையில முடுக்கிட்டு அப்படியே விட்டுட்டுப் போனேன். மாட்டிக்குவேனோன்னு பயந்து உங்க மேல பழியைப் போட்டேன்."



அண்ணி சாவியை உருவி மேஜைமேல் வைத்தாள். அவள் கையை எடுத்த பிறகுதான் தாடைகள் தாமாக விரிந்தன. கன்றிப்போன விரல்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"ஒரு வருஷம்டா," என்றாள் அண்ணி. "நான்தான் அவரைக் கொன்னேன்னு ஒரு வருஷமா தூங்காம கிடந்தேன்." அவள் குரல் உயரவே இல்லை. அவனுக்கு அதுதான் தாங்கவில்லை. "எழுந்து போ."

"இங்க தனியாவா இருக்கப் போறீங்க? வேணாம் அண்ணி, வாங்க..."

"போன்னு சொன்னேன்."

கதவுவரை போனவன் திரும்பிப் பார்த்தான். அண்ணி மெஷின் அருகில் போய், வலது கையைத் தாடைகளுக்கு நடுவே நீட்டினாள்.

"என்னங்க," என்று மெல்லக் கூப்பிட்டாள்.

மூன்று தாடைகளும் நகர்ந்து வந்தன. அவள் விரல்களைத் தொட்டதும், அதற்குமேல் முடுக்காமல், நின்றன.