செவலையைக் கூப்பிடும் குரல்

மோனிஷா ஐந்தாம் வகுப்பு படித்தாள். ஆடுகளைக் கூப்பிடுவதில் அவளை மிஞ்ச அந்த வட்டாரத்தில் ஆளில்லை. "ட்ர்ர்ரா... ட்ர்ர்ரா... ஹோய்!" என்று நாக்கைச் சுழற்றி ஒரு குரல் கொடுத்தால் போதும், நூற்றிருபது செம்மறிகளும் மேய்ச்சலை விட்டுப் பட்டிக்கு ஓடிவரும். படிப்பில் அவள் அப்படியொன்றும் கெட்டி இல்லை. ஆனால் ஆடுகள் ரேங்க் கார்டு கேட்பதில்லையே!

2007-ஆம் ஆண்டு ஆடி மாதம் அந்த நூற்றிருபதும் போய்விட்டன.

பல்லடத்துக்குத் தெற்கே இருந்த அந்த ஆட்டுப் பண்ணை, திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருந்த கிட்டுசாமிக்குச் சொந்தம். வறண்ட நிலத்துப் புல்லும் முள்மரமும் பறவைகளும் இனி அங்கே தம் பாட்டுக்கு வாழட்டும் என்று அவர் முடிவு செய்தார். வாசலில் 'இயற்கைக் காப்பிடம்' என்று பச்சைப் பலகை வைத்தார்கள். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த மோனிஷாவின் அப்பா ஆறுச்சாமிக்கு ஒரு விசிலைக் கொடுத்துக் காவலாளி ஆக்கினார்கள்.

ஆடுகளை வியாபாரிகள் லாரியில் ஏற்றிப் போனார்கள். செவலை என்ற ஒரே ஓர் ஆட்டை மட்டும் சாலைக்கு அந்தப் பக்கம் குடியிருந்த செல்லத்தாய் வாங்கிக்கொண்டார். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்தவர் அவர். அவருடைய மகள் நதியாவும் மோனிஷாவும் ஒரே வகுப்பு.

ஐப்பசி மழையில் காப்பிடத்துப் புல் முழங்கால் உயரம் வளர்ந்தது. கௌதாரிகள் குஞ்சுகளோடு நடை பழகின. எல்லாம் அழகாகத்தான் இருந்தது. ஆனாலும் பள்ளி விட்டு வந்ததும் மோனிஷாவுக்கு அழுகை அழுகையாக வந்தது.

ஒருநாள் மாலை, தொண்டைக்கு இன்னும் நினைவிருக்கிறதா என்று பார்க்க, காலி நிலத்தைப் பார்த்து ஒரு குரல் கொடுத்தாள்.

"ட்ர்ர்ரா... ட்ர்ர்ரா... ஹோய்!"

கிளுவை வேலியைப் பிய்த்துக்கொண்டு செவலை வந்து நின்றது!

மோனிஷா அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். மறுநாளும் கூப்பிட்டாள். அதற்கு மறுநாளும் கூப்பிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. அப்பா வேலிச் சந்தில் முள்ளை வைத்து அடைத்தார். செவலை வேறு சந்து கண்டுபிடித்தது.

ஒரு வாரம் கழித்துச் செல்லத்தாய் கோபமாக வந்தார்.

"அண்ணே, இந்த ஆட்டோட என்னால மல்லுக்கட்ட முடியல. கயித்தையும் அத்துக்கிட்டு இங்கதான் ஓடியாருது. வர்ற சனிக்கிழமை சந்தையில கறிக்கடைக்காரங்ககிட்டக் கொடுத்துரப் போறேன்."

"பழகுன எடமுங்கம்மா. அதுக்கென்னங்க தெரியும்?" என்றார் ஆறுச்சாமி.

மோனிஷா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். சும்மா இருந்தால் யாருக்கும் தெரியாது. ஆனால் செவலை கறிக்கடைக்குப் போய்விடும்.

"செவலை மேல தப்பில்லீங்கக்கா," என்றாள். "நான்தானுங்க தெனமும் கூப்பிட்டேன்."

அப்பா அவளைத் திரும்பிப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

"நீ கூப்பிட்டா வருது. நாங்க கூப்பிட்டா முறைக்குது. நான் என்னத்தச் செய்யட்டும்?" என்றார் செல்லத்தாய்.

"நீங்க எப்படீங்க கூப்பிடுவீங்க?"

அம்மாவோடு வந்திருந்த நதியா கூப்பிட்டுக் காட்டினாள். "இம்ப்பா... இம்ப்பா!" செவலை அசைபோட்டபடி வேறு பக்கம் பார்த்தது.

"அதுக்கு எங்க சத்தந்தானுங்க தெரியும். நதியாவுக்கு நான் சொல்லித் தாரனுங்க. அதுவரைக்கும் விக்காதீங்கக்கா!"

செல்லத்தாய் கொஞ்சம் யோசித்தார். "சரி. வெள்ளிக்கிழமைக்குள்ள நதியா குரலுக்கு ஆடு வீட்டுக்கு வரணும். வரலன்னா சந்தைதான்."

அவ்வளவு சுலபமாக இல்லை. நதியாவின் நாக்கு சுழலவே மறுத்தது. பழைய மொபெட் கிளம்ப மாட்டாமல் இருமுவதுபோல "டடட்டா" என்றுதான் வந்தது. கணக்கு வகுப்பில் அவள் மெதுவாகப் பழகிப் பார்க்க, "யாரது, வகுப்புக்குள்ள ஆடு மேய்க்கறது?" என்று கேட்டு டீச்சர் இருவரையும் நிற்க வைத்தார்.

வியாழக்கிழமை மாலை சத்தம் சரியாக வந்துவிட்டது. 'ஹோய்' கூட மோனிஷாவுடையதைப் போலவே மேலே எழும்பியது. இருவரும் குதித்தார்கள்.

திடீரென்று நதியா கேட்டாள். "இனிமே நீ கூப்பிடக் கூடாதுல்ல?"

"நாளைக்கா?"

"எப்பவுமே. ரெண்டு பக்கமும் ஒரே சத்தம் கேட்டா, பாவம், அது எங்கிட்டுப் போகும்?"

மோனிஷா இதை யோசிக்கவே இல்லை. இல்லாத ஆடுகளை, சும்மா ஆசைக்குக்கூட, இனிக் கூப்பிட முடியாது. சரியென்று தலையை ஆட்டினாள்.

வெள்ளிக்கிழமை மாலை செவலை வழக்கம்போல வேலி ஓரம் வந்து நின்றது. உள்ளே நின்ற மோனிஷாவைக் கண்டதும் காதைத் தூக்கியது. சாலைக்கு அந்தப் பக்கமிருந்து நதியா குரல் கொடுத்தாள்.

"ட்ர்ர்ரா... ட்ர்ர்ரா... ஹோய்!"

செவலை அந்தப் பக்கம் திரும்பியது. மறுபடி மோனிஷாவைப் பார்த்தது. அவளுக்குத் தொண்டைவரை குரல் வந்துவிட்டது. இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நதியா இன்னொரு முறை கூப்பிட்டாள். செவலை திரும்பி, ஒரே ஓட்டமாக அவளிடம் ஓடியது. "வந்துருச்சு! அம்மா, வந்துருச்சு!" என்று நதியா கத்துவது இங்குவரை கேட்டது.

ஆறுச்சாமி பக்கத்தில் வந்து நின்றார். "அதுதான் பொழச்சுக்கிச்சே. அப்பறம் ஏங்கண்ணு அழுவற?"

"நெசமாலுமே போயிருச்சுங்கப்பா," என்றாள் மோனிஷா, வாயிலிருந்து கையை எடுக்காமலே.