பூங்கொடியின் பங்கு

குடிவந்த மூன்றாம் நாள் காலையில் பின்னறைக் கதவின் நிலையில் ஒரு பெருவிரல் ரேகையைப் பரணிதரன் பார்த்தான். நீல மை. கதவைத் தள்ளப் போகிறவர்கள் கையை ஊன்றும் உயரத்தில், கோடுகளை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம் போலத் தெளிவாக இருந்தது. பெயின்டர் விட்டுப்போன கறை என்று முணுமுணுத்தபடி ஈரத்துணியால் துடைத்தான். துணி நீலமாயிற்று. வீட்டுக்கு அடித்திருந்ததோ சந்தன நிறம். நீலம் ஒரு சொட்டுகூட அந்த வீட்டுக்குள் வந்திருக்கவில்லை.

துணியை முகர்ந்து பார்த்தபோதுதான் அவனுக்கு முதல்முறையாகப் பயம் வந்தது. பத்திர ஆபீசில் விரலை அழுத்தச் சொல்லி நீட்டுவார்களே, அந்த மைத்திண்டின் வாசனை. ஸ்பிரிட்டும் பழைய துணியும் கலந்த வாசனை. சமையலறையிலிருந்து மனைவி சங்கரி காபிக்குக் கூப்பிட்டாள். துணியைக் கொல்லைப்புறத்தில் எறிந்துவிட்டு, கையை இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு போனான்.

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்பார்கள். யாரோ கட்டின வீட்டை வாங்கிப் பார் என்று ஒருவரும் சொல்லி வைக்கவில்லை. பரணிதரனுக்குக் கல்பாக்கத்தில், ஆராய்ச்சி மையத்தில், இயந்திரங்களுக்குப் படம் வரையும் வேலை. ஒரு கோடு அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும் கண்டுபிடித்துவிடுகிற கண் அவனுக்கு. வீடு பார்க்கக் கிளம்பிய அன்றைக்கு மட்டும் அந்தக் கண்ணைக் கழற்றி குவார்ட்டர்ஸிலேயே வைத்துவிட்டுப் போயிருக்க வேண்டும்.

திருவிடந்தையில், பெரிய ரோட்டிலிருந்து கடல் பக்கமாக உள்ளே போகும் மண்பாதையில் இருந்தது அந்த வீடு. புரோக்கர் ஜெயக்குமார் பைக்கில் முன்னால் போய்க் காட்டினான். கிணற்றில் நல்ல தண்ணீர், சுற்றிலும் சவுக்குத் தோப்பு, மொட்டைமாடியில் நின்றால் அலைச் சத்தம். சங்கரி மாடியிலிருந்து இறங்கி வரும்போதே அது அவள் வீடாகிவிட்டது. விற்பவர்கள் அண்ணன் தம்பி மூன்று பேர், ஒரு தங்கை.

ஆபீசில் பக்கத்து மேஜைக்காரர் கேசவன் அன்றே சொன்னார். "புரோக்கர் ரெண்டு பக்கமும் கமிஷன் வாங்குறவரு, பரணி. விக்கிறவங்க எத்தனை பேரோ அத்தனை பேரையும் நீங்களே நேர்ல போய்ப் பார்த்துடுங்க. அவரு கூட்டிட்டு வர்ற ஆளை நம்பாதீங்க."

அவன் கேட்காமல் இல்லை. தங்கையைப் பார்க்க வேண்டும் என்று மூன்று தடவை கேட்டான்.

"இப்ப பொம்பளப் புள்ளைக்கும் சட்டத்துல பங்கு கீது சார். எனக்குத் தெரியாதா? பூங்கொடின்னு பேரு. எழுதத் தெரியாது, கைநாட்டுதான். வடக்க எங்கியோ கட்டிக் குடுத்து கீறாங்க. ரிஜிஸ்தர் அன்னிக்கு வந்து நிக்கும், நீ பேஜாராவாத" என்றான் ஜெயக்குமார். மூன்றாவது தடவை கேட்டபோது, வேறொரு பார்ட்டி வந்து பார்த்துவிட்டுப் போனதாகச் சொன்னான். வீட்டுக்கடன் உத்தரவும் மாதக் கடைசியோடு காலாவதியாக இருந்தது. பரணிதரன் நான்காவது தடவை கேட்கவில்லை.

பதிவு நாளில் ஒரு பெண் வந்தாள். அண்ணன்களில் மூத்தவன் முனிசாமிக்கே நாற்பதுதான் இருக்கும். கடைசித் தங்கை என்று வந்தவளுக்கு ஐம்பது தாண்டியிருந்தது. எங்கே விரலை வைக்க வேண்டும் என்று அவள் அண்ணன்களைப் பார்க்கவில்லை, ஜெயக்குமாரைப் பார்த்தாள். அண்ணன்கள் மூன்று பேரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பரணிதரனுக்கு அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது. தெரிந்தும் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டான். அன்றிரவு சங்கரி சந்தோஷத்தில் தூங்கவில்லை, அவனும் தூங்கவில்லை.

முதல் வாரம் ரேகைகள் பின்னறையை விட்டு வெளியே வரவில்லை. அலமாரிக் கண்ணாடியில் ஒன்று, ஜன்னல் கம்பியில் ஒன்று. சங்கரி கண்ணில் படுவதற்கு முன்பே எழுந்து துடைத்துவிடுவான். பிறகு கூடத்துச் சுவருக்கு வந்தன. கரண்ட் கார்டின் பின்பக்கம், மோர்ப் பானையின் கழுத்து, சஹானாவின் ரஃப் நோட்டு. சஹானாவுக்கு ஏழு வயது. நோட்டைக் காட்டி, "யாருப்பா எனக்கு ஸ்டார் போட்டிருக்கா?" என்று கேட்டாள். தானே போட்டதாகச் சொன்னான்.

சத்தமும் அப்போதுதான் கேட்கத் தொடங்கியது. சாயங்காலக் காற்று சவுக்குத் தோப்பில் இரைந்து அடங்கும்போது, தூரத்தில் அலை ஒரு மூச்சு நிறுத்தும்போது, சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மெதுவான ஒரு சின்னச் சத்தம் வரும். பிசுபிசுத்த விரலைச் சுண்ணாம்பில் அழுத்தி எடுத்தால் வருமே, அந்த ஒட்டிப் பிரிகிற சத்தம். ப்ச். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. சங்கரி பல்லி என்றாள். சாம்பிராணி போட்டாலும் போகாத மை வாசனையோடு, இப்போது வாடின துளசி மாலையின் வாசனையும் சேர்ந்திருந்தது.

ஒரு மதியம் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு பின்னறைக்குள் போனான். சுவரிலிருந்த ரேகையின் குறுக்கே சாய்வாக ஒரு வெட்டுத் தழும்பு ஓடியது. எல்லா ரேகையிலும் அதே இடத்தில் அதே தழும்பு. பீரோவிலிருந்து பத்திரத்தை எடுத்துப் பூங்கொடியின் கைநாட்டைப் பார்த்தான். அதில் தழும்பு இல்லை. சுழியே வேறு. பத்திரத்தில் இருப்பது பூங்கொடி இல்லை. சுவரில் இருப்பது யார் என்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

எதிர்வீட்டுக் கண்ணகி ஆட்டுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தாள். வடக்கே கட்டிக் கொடுத்த பூங்கொடியைப் பற்றி அவன் கேட்டதும் அவள் கை நின்றுவிட்டது.

"வடக்கயா? யாரு சொன்னா? அது எங்கியும் போவல சார். கண்ணாலம் ஆவணும்னு பெருமாள் கோயில்ல மாலை வாங்கிப் போட்டுகினு சுத்திகினே இருக்கும், பாவம். கட்டிக் குடுத்தா பங்கு குடுக்கணும்ல, அண்ணனுங்க குடுக்கல. தெருவுல எந்தக் கொயந்தையப் பாத்தாலும் தூக்கி இடுப்புல வெச்சிக்கும். ஒரு நாளு வூட்டுக்குள்ள போச்சு. அப்பாலிக்கா நாங்க யாரும் பாக்கல." தழையைக் கீழே போட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. லீவு போட்டுவிட்டு, ஜெயக்குமாரின் ஆபீஸ் இருக்கிற சிங்கப்பெருமாள் கோயில் என்ற ஊருக்குப் பஸ் ஏறினான். ஆபீஸ் பூட்டிக் கிடந்தது. பக்கத்து டீக்கடையின் பின்பக்கம் ஒருத்தி குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரே கையால் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தாள். பதிவு நாளில் பார்த்த அந்த முகத்தை அவன் மறந்திருக்கவில்லை. அவளும் அவனை மறந்திருக்கவில்லை. எழுந்து ஓடப் பார்த்தாள், முடியவில்லை.

"செல்லம்மா எம்பேரு. நல்ல பொடவ ஒண்ணு எடுத்துத் தரேன், வெரல மட்டும் வெய்யின்னான் அந்த புரோக்கரு, நைனா. பொடவையும் எடுத்துக் குடுத்தான். நான் இன்னாத்தக் கண்டேன்." இடது கையைச் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தாள். பெருவிரல் நகத்திலிருந்து மணிக்கட்டு வரை நீலம் ஏறியிருந்தது. விரல் நுனியில் ரேகையே இல்லை. தேய்த்துவிட்ட மாதிரி வழவழவென்று இருந்தது.

"தெனம் வரா. அடிக்கல, திட்டல. இந்தக் கையப் புடிச்சிகினு குந்திகினே இருக்கறா. என் பங்கு எங்கடீங்கறா." செல்லம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது. "வூடு உன்னாண்ட தான கீது? அவ பங்க அவளாண்ட குடுத்துடு நைனா. உனக்குப் புண்ணியமாப் போவும்."

திரும்பி வரும் பஸ்ஸில் மடியில் கையை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம் என்று அவன் அப்பா அடிக்கடி சொல்வார். கனம் இருந்தது. குவார்ட்டர்ஸை ஒப்படைத்தாயிற்று, பி.எஃப். பணம் முழுக்க அந்தச் சுவர்களுக்குள் போயாயிற்று. நாளைக் காலை முதல் பஸ்ஸில் சங்கரியையும் குழந்தையையும் படூரில் மைத்துனன் வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். ஆனால் நடுவில் இன்று ஒரு ராத்திரி இருக்கிறது. நேற்றைய ரேகை சஹானாவின் தலையணை உறையில் இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது விளக்கு வைக்கும் நேரம். சஹானா கூடத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். பதிவில் மிஞ்சிய முத்திரைத்தாள் ஒன்று பீரோவில் இருந்தது. அறைக்குள் உட்கார்ந்து, பத்திரத்தைப் பார்த்துப் பார்த்து பூங்கொடி சொல்வதாகவே, பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் மாதிரி ஒன்று எழுதினான். இந்த வீட்டில் எனக்குள்ள பங்குக்கு ஈடாக, என்று எழுதினான். அங்கே பேனா நின்றது.

எதை எழுதுவது? பணமா? பின்னறையா? இறந்தவளுக்கு எது வேண்டுமென்று யாருக்குத் தெரியும்? தப்பாக எழுதினால் கோபம் வந்துவிடுமோ என்று பயந்தான். அவளே கேட்டுக்கொள்ளட்டும் என்று அந்த இடத்தில் ஒரு கோடு மட்டும் போட்டான். கோட்டுக்குப் பின்னால், பெற்றுக்கொண்டேன், இனி எனக்குப் பாத்தியமில்லை, என்று முடித்தான். கீழே தன் கையெழுத்தைப் போட்டான். வெற்றிடம் விட்ட தாளில் கையெழுத்துப் போடாதே என்பது பத்திரம் எழுதுகிற ஒவ்வொருவரும் சொல்கிற முதல் புத்தி. அவனுக்கும் தெரியும். பயத்தில் புத்தி எங்கே வேலை செய்கிறது.

கடைத்தெருவில் வாங்கி வந்த மைத்திண்டையும் தாளையும் பின்னறைக்குள், கதவை ஒட்டி வைத்தான். "உன் பங்கை எடுத்துக்கம்மா" என்று சொன்னான். வெளியே வந்து தாழ் போட்டு, கதவெதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

கரண்ட் போயிற்று.

"மெழுகுவத்தி இல்லைங்க. எதிர்வீட்ல வாங்கிட்டு வரேன்" என்று இருட்டில் சங்கரியின் குரல் கேட்டது.

"சஹானா, நீயும் அம்மாகூடப் போ" என்றான். பதில் வரவில்லை. கேட் திறந்து மூடியது. நல்லவேளை, இரண்டு பேரும் வெளியே போய்விட்டார்கள். இனி என்ன நடந்தாலும் தன்னோடு போகட்டும் என்று நினைத்தபோது, அத்தனை நாளில் முதல்முறையாக நெஞ்சு கொஞ்சம் லேசாயிற்று.

துளசி வாசனை.

கதவுக்குப் பின்னால் காகிதம் நகர்ந்தது. அவன் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான். ஒரு பென்சில் உரசும் சத்தம். மெதுவாக. நின்று நின்று. மறுபடி மெதுவாக. எழுதத் தெரியாதவள் என்றார்களே.

பிறகு அது. ப்ச்.

ஒரே ஒரு முறை.

விளக்கு வந்தது. தாழ்ப்பாள் அவன் போட்டபடியே இருந்தது. விலக்கினான். கதவைப் பாதி திறந்து, மண்டியிட்டு, தாளை மட்டும் இழுத்தான். கீழே ஈரமாக நீலக் கைநாட்டு. குறுக்கே தழும்பு. ஏற்றுக்கொண்டுவிட்டாள். கண்ணில் நீர் வந்துவிட்டது. துடைத்துக்கொண்டு கோட்டைப் பார்த்தான்.

அந்தக் கோட்டின் மேல் பென்சிலில், பெரிய பெரிய எழுத்தில், ஒரு பெயர் எழுதியிருந்தது. ஹாவின் வளைவு தலைகீழாக. வீட்டுப்பாட நோட்டில் டீச்சர் தினமும் சிவப்பு மையில் திருத்துகிற அதே தப்பு.

கேட் திறந்தது. எரியும் மெழுகுவத்தியைக் கையால் மறைத்தபடி சங்கரி தனியாக வந்தாள்.

"கரண்ட் வந்துடுச்சா? சஹானா எங்கங்க? உங்ககிட்டதானே விட்டுட்டுப் போனேன்."

அவன் கதவை முழுதாகத் தள்ளினான்.

பின்னறையின் மூலையில் சஹானா நின்றிருந்தாள். தோளில் பள்ளிக்கூடப் பை. கழுத்தில் வாடின துளசி மாலை. அப்பாவைப் பார்த்து, புது இடத்துக்குப் போகிற குழந்தை மாதிரி வெட்கமாகச் சிரித்தாள். வலது கை தலைக்கு மேலே, ஒரு பெரிய ஆள் பிடித்து நடத்திப் போகிற உயரத்தில் தூக்கியிருந்தது. பக்கத்தில் யாருமில்லை. இறுக்கிப் பிடித்திருந்ததில் அந்தச் சின்ன விரல்கள் வெளுத்துப் போயிருந்தன.