மதியம் ஒரு மணிப் புகார்

“செல்வமாரி இனிமே தொழில்ல எந்திரிக்கவே கூடாது, மேடம்! அதுக்கு ஒரு வழி சொல்லுங்க.”

இப்படிச் சொல்லிக்கொண்டே உள்ளே வந்த ஆண்ட்ரூஸ், உட்காரச் சொல்லும் முன்பே உட்கார்ந்துவிட்டார். கையில் போலீசுக்கு எழுதிய மனு. அதில் செல்வமாரியின் பெயர் நான்கு இடத்தில் இருந்தது.

கோவில்பட்டி ரயில் நிலையத்துக்கு எதிர்மாடியில் இருந்த அந்த அறைக்குச் சொந்தக்காரர் ஆயிஷா பீவி. தொலைபேசித் துறையில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். போனிலும் கம்ப்யூட்டரிலும் நடக்கிற திருட்டுத்தனங்களைத் துப்பறிவதுதான் இப்போது அவர் தொழில். அவருக்கு ஆட்டோ ஓட்டும் ஜேம்ஸ்ராஜ், கேட்காமலே உதவியாளனாகச் சேர்ந்துகொண்டவன்.

“செல்வமாரி யாரு, அண்ணாச்சி?”

“என்னைய மாதிரியே கடலை மிட்டாய் போடுதவன். எனக்கு ஒரு சிங்கப்பூர் ஆர்டர் இருக்கு. இன்னிக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள என் விலைப்பட்டியல் மெயில்ல போய்ச் சேரணும். அனுப்புனா ஸ்பேம்னு திருப்பி அடிக்குது. வேற முகவரியில இருந்து போனா ஏத்துக்க மாட்டாவளாம். போன்ல பேசுனா, மோசடிக்காரனும் இப்படித்தான் பேசுவான்னு வச்சிருதாவ. இந்த ஆர்டர் போச்சுன்னா கம்பெனியை பேங்க்காரன் பூட்டிருவான் மேடம்.”

“ஹேக்கர் வேலைதாங்க்கா!” என்று ஜேம்ஸ்ராஜ் துள்ளினான்.

“ஏலே, மொதல்ல போய்ப் பாப்போம்” என்றார் ஆயிஷா பீவி.

கம்பெனிக் கொட்டகையில் புது பேக்கிங் மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. கூட நின்றது இரண்டே பேர். எதிர்ச் சுவரில் சாப்பாட்டுப் பை மாட்டும் ஆணிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் மேலே பெயிண்டில் ஓர் எண். கடைசி எண் நாற்பத்திரண்டு. ஒரு பையும் தொங்கவில்லை.

மாடி ஆபீஸில் இருந்த கம்ப்யூட்டரை ஆயிஷா பீவி அரைமணி நேரம் துருவினார். ஆண்ட்ரூஸ் தினமும் காலை ஆறு மணிக்கு ஐயாயிரம் பேருக்கு விளம்பர மெயில் அனுப்புகிறார். அதை ‘ஸ்பேம்’ என்று எத்தனை பேர், எந்த நேரத்தில் புகார் செய்தார்கள் என்று, மெயில்களை மொத்தமாக அனுப்பித் தரும் நிறுவனத்தின் அறிக்கை காட்டியது. பெயர்களைக் காட்டவில்லை.

“இந்த ஐயாயிரம் பேரும் கேட்டுத்தான் அனுப்புதீங்களா?”

“கேட்டா எவன் சரின்னுவான்? ஆபீஸ் கம்ப்யூட்டர்ல இருந்த முகவரி, வெலைக்கு வாங்குன முகவரி, எல்லாத்தையும் அள்ளிப் போட்டேன்.”

“கேக்காதவங்களுக்கு மொத்தமா அனுப்புனா அதுக்குப் பேருதான் ஸ்பேம், அண்ணாச்சி.”

ஆண்ட்ரூஸ் முகத்தைச் சுளித்தார். ஆயிஷா பீவி திரையைத் திருப்பிக் காட்டினார்.

“ஆயிரத்துக்கு மூணு புகார் தாண்டினாலே, அந்த முகவரியில இருந்து எது போனாலும் மெயில் கம்பெனிக்காரங்க கதவைச் சாத்திருவாங்க. ஒங்களுக்கு ரெண்டு மாசமா தினமும் நாப்பதுக்கு மேல. அதுவும் மதியம் ஒண்ணுல இருந்து ஒண்ணரைக்குள்ள. ஞாயித்துக்கிழமை மட்டும் காலையிலேயே வந்துருது.”

“செல்வமாரி ஏதோ மெஷின் வச்சு அமுக்குதான்!”

“மெஷினுக்கு எதுக்கு மதியச் சாப்பாட்டு நேரம்? ஆறு மணிக்கு வந்த மெயிலை ஆறு அஞ்சுக்கு முடிச்சிருக்கும். இன்னொண்ணு. ஒரு தடவை ஸ்பேம்னு சொல்லிட்டா, மறுநாள் வர்றது தானாவே குப்பைக்குப் போயிரும். அதைத் தேடி எடுத்து, வெளியே வச்சு, மறுபடியும் அமுக்கணும். எரிச்சல்ல யாரும் அப்படிச் செய்ய மாட்டாங்க. வஞ்சம் வேணும்.” அவர் ஜேம்ஸ்ராஜ் பக்கம் திரும்பினார். “கையில போன் இருந்தும் மதியம் வரைக்கும் தொட முடியாத வேலை எது, ஜேம்ஸு?”

ஜேம்ஸ்ராஜ் யோசித்தான். பிறகு தொடையில் தட்டினான். “தீப்பெட்டி ஆபீஸு! நெருப்புக்குப் பயந்து போனைக் கேட்லயே வாங்கி வச்சிருவாவ. சாப்பாட்டுக்கு வெளிய வரும்போதுதான் குடுப்பாவ. ஞாயிறு லீவு!”

“அண்ணாச்சி, அந்த நாப்பத்திரண்டு ஆணியில பை மாட்டுனவங்க எங்க?”

ஆண்ட்ரூஸ் மேசைக் காகிதங்களை அடுக்கத் தொடங்கினார். ஜேம்ஸ்ராஜ்தான் சொன்னான்: “எட்டயபுரம் ரோட்டுத் தீப்பெட்டி ஆபீஸ்ல இருக்காவக்கா. கொஞ்சப் பேரை நாந்தான் எறக்கி விடுதேன்.”

ஒரு மணிக்கு அந்த வாசலில் மூவரும் நின்றார்கள். மணி அடித்தது. பெண்கள் வாட்ச்மேனிடம் போனை வாங்கிக்கொண்டு வேப்பமரத்தடிக்கு வந்து உட்கார்ந்தார்கள். சோற்றைத் திறக்கவில்லை. முதலில் போனைத் திறந்தார்கள். நாற்பத்திரண்டு பேரும் ஒரே காரியத்தைச் செய்தார்கள். அதைப் பார்க்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லையே என்றுதான் இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் தோன்றுகிறது.

“பாண்டியம்மா! நீயா?” என்று கத்தினார் ஆண்ட்ரூஸ்.

பாண்டியம்மாள் எழுந்திருக்கவில்லை. புதூர்ப் பக்கத்து ஆள். ஆண்ட்ரூஸிடம் பதினாறு வருடம் மிட்டாய் பொதிந்தவள்.

“நாந்தான் மொதலாளி. பி.எஃப்.க்குன்னு எங்க போன்ல மெயில் முகவரி போட்டுக் குடுத்தது நீங்கதானே? வேலையில இருந்து நிப்பாட்டுனதையும் அதுலதான் அனுப்புனீங்க, இங்கிலீஷ்ல. நாங்க என்னத்தக் கண்டோம்? திங்கக்கெழம மொத பஸ்ஸைப் பிடிச்சு வந்து, பூட்டுன கேட்டு முன்னால நின்னோம். மாடியில இருந்து கேட்டீங்களே, மெயில் பாக்கத் தெரியாதான்னு. எங்கள்ல மாசமா இருந்த ஒருத்தி அந்த ரோட்டுலயே உக்காந்து அழுதா. நீங்க ஜன்னலைச் சாத்திட்டீங்க.” அவள் போனை உயர்த்திக் காட்டினாள். “பொறவுதான் மெயில் பாக்கப் படிச்சோம். தெனமும் வெளம்பரம் அனுப்புதீங்க. தெனமும் பதில் சொல்லுதோம்.”

ஆண்ட்ரூஸ் ஆயிஷா பீவியைப் பார்த்தார். “மேடம், இவளுவ மேல கேஸ் போடுங்க!”

“எதுக்கு? கேக்காம வந்த மெயிலைக் கேக்கலைன்னு சொல்லிருக்காங்க. அது உண்மை.”

மனுவை ஆண்ட்ரூஸ் கசக்கி எறிந்தார். இறங்கிப்போன குரலில் அந்தப் பெண்களிடம் கெஞ்சினார். எல்லாரும் ஸ்பேம் இல்லை என்று ஒரு தடவை மாற்றி அழுத்தினால் இன்று ஐந்து மணிக்குள் மெயில் போனாலும் போய்விடும் என்றார். மெஷினை விற்றுவிட்டு எல்லாருக்கும் திரும்ப வேலை தருகிறேன் என்றார். வேறு என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்றார்.

பாண்டியம்மாள் மற்றவர்களைப் பார்த்தாள். ஒருத்தியும் தலையசைக்கவில்லை. உள்ளே மணி அடித்தது. பெண்கள் எழுந்து வரிசையாகப் போய் வாட்ச்மேனின் தட்டில் போன்களை வைத்தார்கள்.

கடைசியாகப் போனவள் பாண்டியம்மாள். போனை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

“எங்களுக்கு ஒண்ணும் வேண்டாம், மொதலாளி. அஞ்சு மணி ஆகட்டும்.”

வாட்ச்மேன் கேட்டைச் சாத்தினான். ஆண்ட்ரூஸ் வெயிலில் நின்றார். அப்போது மணி ஒன்று முப்பத்தைந்து.