பின்கதவுத் தாழ்

காலை ஏழு மணிக்குச் சற்றுப் பின்னால் இமெல்டா ரூயிஸ் முகாமுக்குள் காரை நிறுத்தியபோது, காப்பீட்டுக்காக அவள் பரிசோதிக்க வந்த பேருந்தைச் சுற்றி ஆட்கள் நின்றிருந்தார்கள். முன்கதவின் கண்ணாடி உடைந்து மணலில் கிடந்தது. உள்ளே பின்பக்கக் கட்டிலில் வெர்னன் ப்ரூயிட் செத்துக் கிடந்தார். புகை குடித்துச் செத்தவர்களுக்கு வரும் சிவப்பு முகமெங்கும் ஏறியிருந்தது. வெளியே நின்ற எல்லோரையும்விட அவர்தான் ஆரோக்கியமாகத் தெரிந்தார். அதுதான் பார்க்கச் சகிக்கவில்லை.

அரிசோனா பாலைவனத்தில் குளிர்காலத்தைக் கழிக்கும் பேருந்துகளில் அதுவும் ஒன்று. பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கி ஓய்ந்த பெட்ரோல் வண்டி. இருக்கைகளைப் பிடுங்கிவிட்டுக் கட்டில், அடுப்பு, கழிவறை வைத்து வெர்னனும் மகள் டெஸ்ஸாவும் குடியிருந்தார்கள். காப்பீடு தர ஆளில்லை. வீடு என்றால் சக்கரம் எதற்கு என்று ஒருவர் கேட்டார், பேருந்து என்றால் கட்டில் எதற்கு என்று இன்னொருவர் கேட்டார். சம்மதித்த ஒருவர் சொன்ன தொகை வண்டியின் விலையைத் தாண்டியது.

கடைசியில் இமெல்டாவின் சிறிய நிறுவனம் கட்டுப்படியாகும் விலை சொன்னது. நிபந்தனைகள் இருந்தன. விறகு அடுப்பை எடுத்துவிட வேண்டும். பின்னாலுள்ள அவசரக் கதவு பள்ளிக்கூடக் காலத்தில் இருந்தபடியே வேலை செய்ய வேண்டும். காப்பீடு இல்லாத வண்டிகள் மாத முடிவுக்குள் வெளியேற வேண்டும் என்று முகாமில் அறிவித்திருந்தார்கள். காப்பீடு இல்லாமல் சாலையில் ஏறவும் முடியாது. டெஸ்ஸாவுக்கு வேறு வீடு கிடையாது.

"இன்ஷூரன்ஸ் மேடமா? வாங்க, உங்களத்தான் தேடிட்டிருந்தோம்."

பேசியவன் ரஸ் கெல்லர். பக்கத்துப் பேருந்துக்காரன். அந்த முகாமில் பாதி வண்டிகளை, வெர்னனுடையது உட்பட, வீடாக மாற்றிக் கொடுத்தவன். கையில் கண்ணாடி கிழித்த ரத்தம்.

"அடுப்ப எடுக்கச் சொன்னீங்கல்ல? எடுத்தாரு. தண்ணி உறையற குளிரு. மனுஷன் என்ன பண்ணுவாரு? இஞ்சினைப் போட்டு ஹீட்டர்ல படுத்துட்டாரு. ஓட்டப் புகைக்குழாய், தரையெல்லாம் சந்து. இது உங்க ஆபீஸ் பண்ண சாவு மேடம்."

அவன் சொன்னது நடக்கக்கூடியதுதான்.

ஷெரீஃபின் துணை அதிகாரி ஹோல்ட் விசாரணையைப் பாதி முடித்திருந்தார். விபத்து என்று எழுதிவிட்டுப் போகும் அவசரம் அவருக்கு. இமெல்டா பக்கத்தில் நின்று கவனித்தாள்.

"முதல்ல பாத்தது யாரு?" என்றார் ஹோல்ட்.

"நான்தான் சார்," என்றாள் டெஸ்ஸா. "லாரி நிறுத்தத்துல ராத்திரி ஷிஃப்ட் முடிஞ்சு வந்தேன். இஞ்சின் ஓடிட்டிருந்துச்சு. முன்கதவு பூட்டியிருந்துச்சு. தட்டினேன், கத்தினேன். ரஸ் அங்கிள் ஓடி வந்து கண்ணாடியை உடைச்சு உள்ள போனாரு."

"நீ?"

"வாசல்லயே நின்னேன். புகை, உள்ள வராதன்னு கத்தினாரு."

"அப்புறம் என்ன செஞ்சே ரஸ்?"

"நேரா பின்கதவத் தொறந்து காத்து விடலாம்னு ஓடினேன். உள்பக்கமா தாழ் போட்டிருந்துச்சு. அதுக்குள்ள தலை சுத்திருச்சு. திரும்பி வந்து இஞ்சினை ஆஃப் பண்ணிட்டு வெளிய விழுந்தேன். தாழ் இன்னும் அப்படியேதான் இருக்கு, போய்ப் பாருங்க."

"ரெண்டு கதவும் உள்ளேருந்து பூட்டு," என்றார் ஹோல்ட். "வேற யாரும் வந்திருக்க முடியாது."

"இஞ்சின் சத்தத்துல அவர் முழிக்கலையா?" என்று இமெல்டா கேட்டாள்.

"அப்பா காது மெஷினக் கழட்டிட்டுத்தான் தூங்குவாரு," என்றாள் டெஸ்ஸா.

இமெல்டா உள்ளே ஏறினாள். போர்வை போர்த்திய உடல். விறகு அடுப்பு இருந்த இடத்தில் வெறும் தகரம். சுவரில் விஷவாயு அலாரம். திறந்து பார்த்தாள். பேட்டரி இல்லை.

"நேத்துதானே புதுசு போட்டேன்!" டெஸ்ஸாவின் குரல் கீச்சிட்டது.

"பெருசு எதுக்காவது கழட்டியிருக்கும்," என்றான் ரஸ்.

ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே குனிந்தாள் இமெல்டா. கம்பிக் கற்றையில் ஓரிடத்தில் மட்டும் புத்தம் புதிய சிவப்பு டேப் சுற்றியிருந்தது. அவள் டெஸ்ஸாவை வெளியே தனியாக அழைத்துக்கொண்டு போனாள்.

"பின்கதவுக்கு என்னென்ன செஞ்சீங்க?"

"கீல், கைப்பிடி எல்லாம் மாத்தினோம். பழைய மணியக்கூட அப்பா எங்கயோ புடிச்சுட்டு வந்து நேத்து மத்தியானம் மாட்டினாரு."

"ரஸ் அப்ப இங்க இருந்தானா?"

"இல்ல, டவுனுக்குப் போயிருந்தாரு. சாயங்காலம்தான் வந்தாரு. வந்ததும் ரெண்டு பேருக்கும் சண்டை." டெஸ்ஸா குரலைத் தாழ்த்தினாள். "அப்பா சமையல் கேஸ் குழாயக் கழட்டியிருந்தாரு. ரஸ் அங்கிள் இணைப்ப வெல்டிங் பண்ணாம பசை போட்டு ஒட்டியிருந்தாரு. போன வருஷம் ரஸ் அங்கிள் கட்டின பஸ் ஒண்ணு எரிஞ்சு புருஷன் பொண்டாட்டி செத்தாங்க. இன்ஸ்பெக்ஷனுக்கு வர்றவங்ககிட்ட இதக் காட்டப் போறேன்னு அப்பா சொன்னாரு." அவள் ரஸ்ஸின் பேருந்தைத் திரும்பிப் பார்த்தாள். "மேடம், ராத்திரி நான் இங்க தனியாதானே படுக்கணும்? அவரோட பஸ் பத்தடி தள்ளி."

இமெல்டா ஹோல்டின் காதில் ஏதோ சொன்னாள். பிறகு ரஸ்ஸைப் பார்த்தாள்.

"ஒரு உதவி. புகைக்குழாய் எங்க ஒழுகுதுன்னு பாக்கணும். பின்கதவுத் தாழ் நீங்க பாத்தபடியேதான் இருக்கு. இஞ்சினைப் போடுங்க."

ரஸ் தோளைக் குலுக்கிவிட்டு ஏறி உட்கார்ந்தான். சாவியைத் திருப்பினான்.

மணி அலறியது.

காதைக் கிழிக்கும் ஒரே நீண்ட அலறல். முகாமே திரும்பியது. யாரோ குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ரஸ் சாவியைத் திருப்பி அணைக்கக்கூடத் தோன்றாமல் டாஷ்போர்டை அறைந்தான்.

"எப்படி? அந்தக் கம்பிய நான்தான் வெட்டிப் போட்டேனே!"

ஹோல்ட் கையை நீட்டிச் சாவியை அணைத்தார். அமைதி வந்தது. அந்த அமைதியில்தான் எல்லோருக்கும் பயம் பிடித்தது.

"வெட்டினீங்க, வண்டியக் கட்டினப்போ," என்றாள் இமெல்டா. "பள்ளிக்கூட பஸ்ல பிள்ளைங்க உள்ள மாட்டிக்கக் கூடாதுன்னு வச்ச மணி. பின்கதவு தாழ் போட்டிருக்கும்போது சாவியத் திருப்பினா அலறும், தாழ எடுக்கிற வரைக்கும் நிக்காது. எங்க நிபந்தனைக்காக வெர்னன் நேத்து அதத் திரும்பக் கோத்துட்டாரு. உங்களுக்குத் தெரியாது."

"அதுனால என்ன?"

"காலைல இஞ்சின் ஓடிட்டிருந்துச்சு. டெஸ்ஸா, மணிச் சத்தம் கேட்டுச்சா?"

"இல்ல. இஞ்சின் சத்தம் மட்டும்தான்."

"அப்படின்னா இஞ்சின் ஓடினப்போ தாழ் போடல. பின்கதவு வெறுமனே சாத்தியிருந்துச்சு. யார் வேணா வந்திருக்கலாம், பேட்டரியக் கழட்டியிருக்கலாம், சாவியத் திருப்பிட்டு வந்த வழியே போயிருக்கலாம். இஞ்சின் நின்னதுக்கு அப்புறம்தான் யாரோ தாழ் போட்டிருக்காங்க. அப்ப உள்ள இருந்தது ரெண்டு பேர். ஒருத்தர் செத்துட்டாரு."

ரஸ் சிரிக்கப் பார்த்தான். வரவில்லை. அவன் கை இருக்கைக்குப் பக்கத்தில் கிடந்த ஸ்பேனரை நோக்கிப் போனது. ஹோல்டின் துப்பாக்கி ஏற்கெனவே வெளியே வந்திருந்தது.

"வேண்டாம் ரஸ். இறங்கு."

அவனது கோட்டுப் பையில் இரண்டு புது பேட்டரிகள் இருந்தன. தூக்கி எறிய மனம் வரவில்லை போலும். எதையும் வீணாக்காத ஆள்.

போலீஸ் வண்டி புழுதியில் மறைந்த பிறகு டெஸ்ஸா படிக்கட்டில் உட்கார்ந்தாள். கேட்க வெட்கமாக இருந்தது, ஆனால் கேட்டாள்.

"மேடம், பாலிசி?"

"விறகு அடுப்பு இல்ல. கேஸ் குழாய உங்கப்பா கழட்டிட்டாரு. கதவு வேலை செய்யுது. புகைக்குழாய மாத்து, அதுவரைக்கும் இஞ்சினத் தொடாத. மாசக் கடைசிக்குள்ள வந்து பாத்துட்டு பாலிசி போட்டுத் தர்றேன். இந்த முகாம்ல ரஸ் கட்டினதுலயே இது ஒண்ணுதான் இப்ப கையெழுத்துப் போடற மாதிரி இருக்கு."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது என்னவென்று அவளுக்கே உறைத்தது. நிமிர்ந்து பார்த்தாள். கூட்டம் கலையவில்லை. யாரும் தங்கள் வண்டிக்குள் போகவில்லை. சட்டியில் காப்பி கொதிக்க விட்டு வந்த பெண் ஒருத்தி தன் பேருந்தின் வாசலையே வெறித்தபடி, இரண்டு பிள்ளைகளையும் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எங்களோடதும் அவன்தான் கட்டினான்," என்றாள். "உள்ள அடுப்பு எரியுது."

இமெல்டா பையைக் கீழே போட்டாள். "எல்லாரும் தள்ளிப் போங்க. இன்னும் தள்ளி." அடுப்புக்குக் கீழே கேஸ் குழாய் போகும் அலமாரியைத் திறக்க, அவள் தனியாக அந்தப் பேருந்துக்குள் ஏறினாள்.