நான்காவது பெட்டியின் பொட்டு

"அக்கா, நாளையிண்டைக்கு என்னைப் பொலிசில குடுக்கப் போகினமாம்" என்று சொல்லிக்கொண்டேதான் மயூரி உள்ளே வந்தாள். கதிரையைக் காட்டியும் உட்காரவில்லை.

வெள்ளவத்தையில், காலி வீதியில், ஒரு புடைவைக் கடைக்கு மேலே இருந்த சின்ன அறைதான் நேசமலரின் காரியாலயம். கம்பனிகளின் கணினிகள், உபகரணங்கள் எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்து, இருக்கவேண்டியது இருக்கிறதா என்று சொல்வது அவளது தொழில். இல்லாததைத் தேடிக் கண்டுபிடித்துக் கொடுத்ததில் துப்பறிகிறவள் என்ற பெயரும் வந்து சேர்ந்துவிட்டது. அந்தப் பெயரில் அவளைவிடப் பெருமை ஸவாஹிர் நானாவுக்கு. கீழ்த்தட்டில், புடைவைக் கடைக்குப் பக்கத்தில், கணினி திருத்தும் கடை வைத்திருப்பவர் அவர்; எல்லோருக்கும் நானா, அதாவது அண்ணன். யாராவது முகம் வாடி மாடிப்படி ஏறினால் போதும், கடையைப் பூட்டிவிட்டுப் பின்னாலேயே வந்துவிடுவார். அவருக்கு வயது ஐம்பது, அவசரம் பதினைந்து.

அன்று புதன்கிழமை. நானா வழக்கம்போல மயூரிக்கு முன்னால் தண்ணீர்ப் போத்தலை வைத்துவிட்டுச் சுவரோரம் சாய்ந்துகொண்டார்.

மயூரி கொட்டாஞ்சேனையில் சிவானந்தன் என்பவரின் கப்பற்சரக்குக் கம்பனியில் வேலை செய்பவள். கட்டடத்தின் கணினி வலையமைப்பு முழுவதும் அவளது பொறுப்பு. சேர்ந்து ஐந்து மாதமாகிறது.

"மூண்டாம் மாடியில ஒரு அலுமாரி இருக்கக்கா. அதுக்குள்ள நாலு சுவிட்ச், ஒண்டுக்கு மேல ஒண்டு. அந்த மாடிக் கம்ப்யூட்டர் வயரெல்லாம் அதுக்குத்தான் வருது. பின்னால கேபிள் போட்டு ஒண்டோட ஒண்டு தொடுத்தால், எத்தினை பெட்டியெண்டாலும் ஒரே மெஷின் மாதிரித்தான். வெளியில இருந்து ஆர் கேட்டாலும் ஒண்டுதான் மறுமொழி சொல்லும்."

"வீட்டுல நாலு பேர் ஈந்தாலும், கதவத் தட்டினா ஒராள்தானே வந்து தொறக்கிற" என்றார் நானா.

"அதேதான் நானா. அந்தக் கதவு திறக்கிற பெட்டிக்கு மாஸ்டர் எண்டு பேர்." மயூரி இப்போதுதான் உட்கார்ந்தாள். "பெப்ரவரியில எங்கட ஐ.டி. மனேஜர் ஜொனாதன் சேர் ஒரு சொஃப்ட்வெயார் போட்டவர். ஒவ்வொரு நாளும் அது தானாவே எல்லா மெஷினையும் கூப்பிட்டு, சீரியல் நம்பர் கேட்டு லிஸ்ட் எடுக்கும். ரிப்போட் நேர முதலாளிக்குப் போகும். மூண்டாம் மாடி அலுமாரிக்கு அதில ஒரே ஒரு நம்பர்தான், 417 எண்டு முடியும். போன ஞாயிறு கரண்ட் போச்சு. தனிய வந்து எல்லாத்தையும் திரும்பப் போட்டது நான். திங்கள் காலமை ரிப்போட் சொல்லுது, 417 காணேல்லை, லிஸ்டில இல்லாத 902 ஒண்டு வந்திருக்கெண்டு. நான் நல்லதைக் கழட்டி வித்துப்போட்டு, பழசொண்டைக் கொண்டந்து வைச்சிட்டனாம்."

"கரண்ட் போய் வந்தால் வேற பெட்டி மாஸ்டராகிறது நடக்கிற விசயம்தானே" என்றாள் நேசமலர்.

"அதைத்தான் நானும் சொன்னனான்! எல்லாம் ஒண்டா முழிச்சால் ஆரும் மாஸ்டராகலாம், உள்ளுக்குப் போய் முழு லிஸ்ட் எடுத்துப் பாருங்கோ, 417 அங்கதான் இருக்குமெண்டு. ஜொனாதன் சேர் சாட்டுச் சொல்லாதை எண்டார். என்ர பாஸ்வேர்டை வெட்டிப்போட்டார். முழு ஒஃபிசுக்கும் முன்னால கடிதத்தைத் தந்து வெளியில போகச் சொல்லிச்சினம்." அவள் போத்தலைத் திறந்து, குடிக்காமலே திரும்ப மூடினாள். "கொழும்பில இந்த வேலை செய்யிறவை எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும் அக்கா. கள்ளி எண்டு ஒருக்கால் பேர் வந்தால், ஒரு இடத்திலயும் சேவர் அறைத் திறப்பை என்ர கையில தரமாட்டினம்."

நேசமலர் உடனே ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. அவளுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. கடிதத்தை வாங்கி இரண்டு தரம் வாசித்தாள். 'செயற்பாட்டில் இருந்த நான்கு சுவிட்சுகளுள் ஒன்றைக் களவாடியமைக்காக' என்றிருந்தது. அடியில் சிவானந்தனின் கையெழுத்து.

"இதை எழுதினது ஆர்?"

"ஜொனாதன் சேர் ரைப் பண்ணினது. முதலாளி கையெழுத்து மட்டும் வைச்சவர்."

"நாலும் வேலை செய்ததோ?"

"இல்லையக்கா, மூண்டுதான். நாலாவது ஸ்பெயார், கரண்டும் குடுக்கேல்லை, தொடக்கூடாதெண்டு நான் சேர்ந்த முதல் நாளே சேர் சொன்னவர்."

நேசமலர் கடிதத்தை மடித்துத் தன் பைக்குள் வைத்தாள்.

மறுநாள் காலை, சிவானந்தனிடம் தொலைபேசியில் நேரம் வாங்கிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போகிற வழியெல்லாம், காரை ஓட்டிக்கொண்டே நானா வழக்கை முடித்துவிட்டார். "ஆள் யாரென்டு எனக்கு வெளங்கிட்டு மிஸ். ஸ்டோர்ஸ்ல ரெனால்ட் என்டு ஒருத்தர் ஈக்கிறாராம். பழைய சாமான் எல்லாம் அவர்ட கையாலதான் வெளிய போறது. வேற யாரு?" மருதானைச் சந்தியில் சிவப்பு விளக்கு விழுந்தபோது ரெனால்டுக்குத் தீர்ப்பும் சொல்லியாகிவிட்டது. நேசமலர் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "இருக்கலாம் நானா" என்று மட்டும் சொன்னாள். அவள் அப்படிச் சொன்னால் இல்லை என்று அர்த்தம். பத்து வருடப் பழக்கத்தில் நானாவுக்கு அது தெரியும். ஆனாலும் மனது கேட்கவில்லை.

ரெனால்ட் வாசலிலேயே நின்றார். மெலிந்த மனிதர், சட்டைப்பையில் மூன்று பேனா. கட்டடத்தில் எந்தப் பூட்டின் திறப்பு எவர் கையில் என்பதற்கு ஒரு தடித்த புத்தகம் வைத்திருந்தார். கேட்டதுதான் தாமதம், மகளின் கலியாண அல்பத்தைக் காட்டுவதுபோல விரித்துவிட்டார். மூன்றாம் மாடி அலுமாரிக்கு இரண்டு திறப்பு. மயூரிக்கு முன் அந்த வேலையில் இருந்தவர் விலகியபின் ஒன்றரை வருடம் அந்த இடம் வெறுமையாகக் கிடந்தது. அந்த ஒன்றரை வருடமும் இரண்டு திறப்புக்கும் நேரே இருந்தது ஜொனாதனின் கையெழுத்து. இந்த ஜனவரியிலிருந்து ஒன்றுக்கு மயூரியின் கையெழுத்து.

"ஒரு நாளும் பிசகினதில்லை மிஸ்" என்றார் ரெனால்ட். நானாவுக்கு அந்த மனிதரைச் சந்தேகிப்பது அப்போதே கொஞ்சம் கஷ்டமாகப் போய்விட்டது.

சிவானந்தனின் அறையில் ஊதுபத்தி மணந்தது. விபூதிப் பூச்சு, வெள்ளைச் சேட், இறுகிய வாய். "நான் ஆளைப் பார்த்துச் சொல்லேல்லை, மெஷின் சொன்னதைத்தான் சொல்லுறன். மெஷின் பொய் சொல்லாது" என்றார். பக்கத்தில் நின்ற ஜொனாதன், நாற்பது வயதிருக்கும், தலையாட்டினார்.

நேசமலரின் பார்வை மேசையோரத்து அச்சியந்திரத்தில் இருந்தது. அதன் விளிம்பில் வரிசையாக மூன்று பொட்டு. முதலாவது மங்கிக் காவியாகியிருந்தது, இரண்டாவது கொஞ்சம் தெளிவு, மூன்றாவதில் குங்குமம் இன்னும் சிவப்பாக இருந்தது.

"வாணி விழாவுக்கு வைச்சதோ ஐயா?"

சிவானந்தனின் வாய் முதல் தடவையாகத் தளர்ந்தது. "ஓம். இந்தக் கட்டடத்துக்கு வந்து மூண்டு வாணி விழா, மூண்டு சரஸ்வதி பூசை. உழைக்கிற சாமான் ஒவ்வொண்டுக்கும் சந்தனமும் குங்குமமும் நான்தான் என்ர கையால வைக்கிறது. வருசத்துக்கு ஒண்டு, பக்கத்தில பக்கத்தில. ஒருத்தரும் துடைக்கக்கூடாது. துடைச்ச ஒருத்தனை ஒரு கிழமைக்கு வீட்டை அனுப்பினனான்."

"அலுமாரிக்குள்ள இருக்கிற சுவிட்சுகளுக்கும்?"

"அதுகளும் கட்டடத்தோட வாங்கினதுதானே. ஒரு வருசமும் விடேல்லை."

மூன்றாம் மாடிக்கு எல்லோரும் ஏறினார்கள். ஜொனாதன் அலுமாரியைத் திறந்தார். மேலே மூன்று பெட்டிகள் பச்சை விளக்குகளைச் சிமிட்டிக்கொண்டிருந்தன. அடியில் நான்காவது இருண்டு கிடந்தது. நேசமலர் குனிந்து நின்று நெடுநேரம் பார்த்தாள். நானாவும் அவளுக்குப் பின்னால் குனிந்து அதையே பார்த்தார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் விளக்குகளும் வயர்களும்தான்.

"ஐயா பார்த்துக்கொண்டிருக்க, இந்தத் தொடுப்புக்குள்ள இருக்கிற எல்லாப் பெட்டியின்ர லிஸ்டையும் எடுங்கோ" என்று ஜொனாதனிடம் சொன்னாள்.

ஜொனாதன் தயங்கினார். சிவானந்தன் பார்த்துக்கொண்டிருந்ததால் தட்டவேண்டியதாயிற்று. திரையில் வரிகள் வந்தன. 902, மாஸ்டர். 417, சேவையில். 655, சேவையில். நான்காவது வரியில் நம்பர் எதுவும் இல்லை, 'இல்லை' என்ற சொல் மட்டும்.

"417 இந்தா ஈக்கிதே!" நானா கத்தியதில் பக்கத்து அறையில் இரண்டு பேர் எழுந்து பார்த்தார்கள்.

ஜொனாதன் வேகமாகச் சிரித்தார். "அப்ப நல்லதுதானே. சொஃப்ட்வெயார் குழப்பம். மயூரியைத் திரும்ப வரச் சொல்லுவம் சேர். விசயம் முடிஞ்சுது."

நானா தொலைபேசியைக் கையில் எடுத்துவிட்டார், மயூரிக்குச் சொல்ல. நேசமலர் அவரது கையைத் தொட்டு நிறுத்தினாள். "மயூரியை இங்க வரச் சொல்லுங்கோ நானா. ரெனால்ட்டையும் கூப்பிடுங்கோ. இன்னும் முடியேல்லை."

அரை மணித்தியாலத்தில் மயூரி வந்தாள். திங்கட்கிழமை தலைகுனிந்து இறங்கிய அதே படிகளில் ஏறி வந்ததால் அவளுக்கு மூச்சு வாங்கியது. அலுமாரிக்கு முன்னால் ஆறு பேரும் நெருக்கி நின்றார்கள்.

"மயூரி ஒண்டும் எடுக்கேல்லை, அது திரையிலயே இருக்கு" என்று நேசமலர் ஆரம்பித்தாள். சந்தையில் விலை கேட்கிற குரல்தான் அவளுடையது, ஏற்ற இறக்கம் கிடையாது. "ஆனா எனக்கு ஒரு கேள்வி இருந்தது. அந்த லிஸ்ட் எடுக்க ஒரு நிமிசம் போதும். அதை எடுங்கோ எண்டு மயூரி திங்களே கேட்டவ. இருபது வருசம் இந்தத் தொழில் செய்யிற ஜொனாதன் ஏன் எடுக்கேல்லை? எடுக்க விடாமல் ஏன் அவவின்ர பாஸ்வேர்டை வெட்டினவர்?"

ஜொனாதன் வாயைத் திறந்தார். அவள் தொடர்ந்தாள்.

"லிஸ்ட் எடுத்தால் முதல் மூண்டு வரி மயூரியைக் காப்பாத்தும். நாலாவது வரி வேற ஒருத்தரைக் காட்டிக் குடுக்கும். ஒரு நாளும் தொடுக்காத ஸ்பெயாருக்கு அப்பிடியொரு வரியே வராது. கடிதத்தில நாலும் செயற்பாட்டில இருந்ததெண்டு எழுதின அதே ஆள்தான், மயூரிக்கு நாலாவது ஸ்பெயார், தொடாதை எண்டு சொன்னவர். ரெண்டில ஒண்டு பொய்."

"ஸ்பெயார் எண்டால் ஸ்பெயார்தான் மிஸ்" என்றார் ஜொனாதன். "கடிதத்தில அவசரத்தில பிழைச்சிட்டுது. நாலாவதில ஏதும் பிழை இருந்தாலும், அதைச் செய்தது மயூரியில்லை எண்டு எப்படிச் சொல்லுவீங்க? திறப்பு அவகிட்டயும் இருந்ததுதானே."

நியாயமான கேள்விதான் அது.

"ஐயா," நேசமலர் சிவானந்தனைப் பார்த்தாள், "நீங்கள் வைச்ச பொட்டு. மேல இருக்கிற மூண்டிலயும் எத்தினை எண்டு எண்ணுங்கோ."

சிவானந்தன் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார். "மூண்டு. இதிலயும் மூண்டு. இதிலயும்..." அவரது விரல் நான்காவது பெட்டிக்கு இறங்கி, அங்கேயே நின்றது. "இதில ஒண்டுதான் இருக்கு."

"கடைசியா வைச்சது மட்டும். முதல் ரெண்டு வாணி விழாவுக்கும் இந்தப் பெட்டி இந்த அலுமாரிக்குள்ள இல்லை. மூண்டாவதுக்கு இருந்தது. அப்ப, ரெண்டாவதுக்குப் பிறகும் போன வருச வாணி விழாவுக்கு முதலும் ஆரோ மாத்தியிருக்கினம். மயூரி வேலைக்கு வந்தது இந்தத் தை மாசம். அந்தக் காலம் முழுக்க ரெண்டு திறப்பும் எவர் கையில இருந்ததெண்டு ரெனால்ட்டின்ர புத்தகத்தில இருக்கு."

ரெனால்ட் பக்கத்தைத் தேடவில்லை. புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஜொனாதனைப் பார்த்தார்.

"நானா, அதைக் கொஞ்சம் தூக்குங்கோ. கரண்ட் இல்லாததுதானே, ஒண்டும் நிக்காது."

நானா காலை அகட்டி ஊன்றி, மூச்சை இழுத்துப் பிடித்துத் தூக்கினார். பெட்டி வெறும் பிஸ்கட் தகரம் போல மேலே வர, பின்னால் சாய்ந்து ரெனால்டின் மேல் மோதினார். உள்ளே ஒன்றும் இல்லை. எப்போதோ எரிந்துபோன ஒரு சுவிட்சின் வெற்றுக்கூடு அது.

"சொஃப்ட்வெயார் மாஸ்டரிட்ட மட்டும்தான் நம்பர் கேக்கும்" என்றாள் நேசமலர். "நாலு இருந்தாலும் ஒரு நம்பர், மூண்டு இருந்தாலும் அதே நம்பர். அப்பிடிக் கேக்கவைச்சதும் ஜொனாதன்தான். ஞாயிற்றுக்கிழமை கரண்ட் போகாமல் விட்டிருந்தால் இண்டைக்கும் ஒருத்தருக்கும் தெரியாது. ரிப்போட் நேர ஐயாட்டப் போனபடியால், ஐயா அலுமாரியை எண்ண முதல் ஒரு கள்ளரைக் காட்டவேண்டி வந்துது."

ஜொனாதன் சுவரில் சாய்ந்தார். "பேலியகொடையில என்ர சொந்தக் கணக்கில ஒரு ஒஃபிசுக்கு வலையமைப்பு போட்டுக் குடுத்தன் சேர். ஒரு சுவிட்ச் குறைஞ்சு போச்சு. ரெண்டு கிழமையில திருப்பி வைக்கத்தான் இருந்தன். பிறகு... ஒருத்தரும் கேக்கயில்லை."

அவரைக் கீழே கூட்டிப்போகச் சொல்லிவிட்டு, சிவானந்தன் அந்தக் கூட்டைக் கையில் வாங்கினார். ஒற்றைப் பொட்டு, தன் கைவிரல் அளவில்.

"வெறும் தகரத்துக்குப் பொட்டு வைச்சுக் கும்பிட்டிருக்கிறன்" என்றார். குரல் இறங்கியிருந்தது. "பொட்டு வைக்கேக்கயும் பாக்கேல்லை. உன்ர கடிதத்தில கையெழுத்து வைக்கேக்கயும் பாக்கேல்லை. என்னை மன்னிச்சுக்கொள் பிள்ளை."

மயூரியின் கண் நிறைந்துவிட்டது. "கடிதத்தை எல்லாருக்கும் முன்னாலதான் தந்தனீங்கள் ஐயா. இதையும் எல்லாருக்கும் முன்னால சொல்லுங்கோ."

முதலாளியிடம் இப்படி ஒருத்தி கேட்டு நானா பார்த்ததில்லை. சிவானந்தன் முகம் சிவந்தது. பிறகு, தகரக் கூட்டைக் கையில் பிடித்தபடியே திரும்பி, ஐம்பது பேர் இருக்கிற அந்த நீண்ட மண்டபத்துக்குள் நடந்தார். மயூரி பின்னால் போனாள். மண்டபம் அடங்கி அமைதியாவது அலுமாரிவரைக்கும் கேட்டது.

அடுத்த திங்கட்கிழமை காலை, மயூரி அனுப்பிய ஒரு படம் நானாவின் தொலைபேசிக்கு வந்தது. கடைக்கு வந்த ஆளை அப்படியே நிற்க விட்டுவிட்டு மாடிக்கு ஓடினார். அன்றைய ரிப்போட் அது, தாள் பறக்காமல் மேலே இரண்டு திறப்பு. மூன்றாம் மாடிக்கு முன்பு ஒரு வரி இருந்த இடத்தில் இப்போது நான்கு வரி. மூன்று பெட்டிகளும் தம் நம்பரைத் தாமே சொல்லியிருந்தன. நான்காவதற்கு நேரே 'காணவில்லை' என்றும், பொறுப்பு என்ற இடத்தில் மயூரியின் பெயரும் இருந்தன.

"காணாமப் போனதுக்கும் அந்தப் புள்ளட பேரையே போட்டு ஈக்கிது மிஸ்" என்று நானா பதறினார்.

நேசமலர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். அவள் சிரித்ததை நானா அன்றுதான் கண்டார்.

"அது கள்ளரின்ர பேரில்லை. அலுமாரித் திறப்பு ரெண்டையும் அவளிட்டக் குடுத்திருக்கினம், நானா."